நாற்பத்தாறாம் கட்டம்

கடல் பூங்காவின் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கட்டம்’ என்று பெயர். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் “எந்தக் கட்டத்துல?” என்று அவள் திருப்பிக் கேட்பதால் வந்த பெயர் அது. கணினி மெதுவாக ஓடினால்கூட பக்கத்து மேசைக்காரர், “இன்னிக்கு நமக்குக் கட்டம் சரியில்லப்பா” என்று அவள் காதில் விழும்படி சொல்வார். அவளும் சிரித்துவிடுவாள். வீட்டுப் பெயர் வேறு. ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற அவளை அவள் அண்ணன் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டான்.

பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதல்ல. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒன்பது சின்னத் தீவுகள், அவற்றைச் சுற்றியிருக்கும் கடல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு போட்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்து இருபத்தைந்து வருடமாகியிருந்தது. பாதுகாப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எதை எண்ணுவது, எதை முதலில் எண்ணுவது, எப்படி எண்ணுவது என்று திட்டம் போடுவதுதான் அவள் வேலை. தீவுகளின் மேலே இருந்த மரம், பறவை, பல்லி, வண்டு வரை எழுதி முடித்தாயிற்று. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பழைய கப்பல் வரைபடம் ஒன்றைத்தான் காட்ட வேண்டும். அதில் ஆழம் எத்தனை மீட்டர் என்ற எண்கள் மட்டும் இருந்தன.

“கூரையில எத்தனை ஓடுன்னு நமக்குத் தெரியும். தரை சிமெண்டா மண்ணான்னு தெரியாது. இந்த லட்சணத்துல குடித்தனம் பண்றோம்” என்று இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

பல வருடம் கடிதம் எழுதிய பிறகு ஆய்வுக் கப்பல் ஒன்று இருபத்திரண்டு நாட்களுக்குக் கிடைத்தது. அதன் அடியில் சோனார் கருவி இருந்தது. அது ஒலியைக் கீழே அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மேடு, பள்ளம், பாறை, மணல் என்று படம் வரையும். ஆனால் எதிரொலிக்கு உயிர் தெரியாது. மேலே கம்பளம்போலக் கடற்புல் இருக்கிறதா, வெறும் கல்லா என்பதற்கு ஆங்காங்கே கேமராவை இறக்கிப் பார்த்தாக வேண்டும். ஒரு முறை இறக்கி ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் மொத்தம் தொண்ணூறு முறைதான் இறக்க முடியும் என்று வந்தது. பூங்காவின் கடலை அவள் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தாள். தொண்ணூறை இருநூற்றுப் பன்னிரண்டில் எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் மகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை முழுவதும் வரைபடம்தான். அண்ணன் துறைமுகத்தில் முக்குளிப்பவன். கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது, சிக்கிய சங்கிலியை விடுவிப்பது, விழுந்ததைத் தேடி எடுப்பது என்று முப்பது வருடமாகத் தண்ணீருக்குள்ளேயே இருந்தவன். பேசும்போது குரல் கொஞ்சம் உரக்கத்தான் வரும். காது அப்படி.

“பாப்பா, இங்க பாரு” என்று வரைபடத்தில் விரலை வைத்தான். வடக்குத் தீவுக்கு வெளியே, நாற்பத்தாறாம் கட்டம். “போன மாசம் ஒரு நங்கூரம் அறுந்து போச்சுன்னு தேடறதுக்கு இங்க இறங்கினேன். இருபத்தி நாலு மீட்டர். தரை முழுக்க ரோஸ் கலர்.”

“பவளமா?”

“பவளம் எனக்குத் தெரியாதா? இது வேற. உருண்டை உருண்டையா கொட்டிக் கிடக்கு. சிலது எலுமிச்சம்பழம் அளவு, சிலது என் முஷ்டி அளவு. கல்லுன்னு நெனச்சுதான் எடுத்தேன். கல்லு இல்ல. உயிரோட இருக்கு. ஒண்ணுக்கொண்ணு இடுக்குல நண்டு, எறா, சின்னச் சின்னக் குஞ்சு மீனு, ஒரே சந்தைக்கடை. நான் போன தூரம் வரைக்கும் அப்படியே போகுது.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு காலி ஜாம் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே கடல்நீரில் முடிச்சு முடிச்சாக, இளஞ்சிவப்பாக ஒன்று கிடந்தது.

அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஒரு வகைப் பாசி அது. சுண்ணாம்பை உறிஞ்சிக் கல்லாக இறுகிக்கொண்டே, நீரோட்டத்தில் உருண்டு உருண்டு வளரும். புத்தகத்தில் படித்திருக்கிறாள், இந்தக் கடலில் இருப்பதாக யாரும் எழுதியதில்லை. மனம் துள்ளியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“இத யாரு உன்ன எடுக்கச் சொன்னா? பூங்காவுக்குள்ள ஒரு கிளிஞ்சல எடுத்தாக்கூட வழக்கு போடுவாங்கன்னு தெரியாதா உனக்கு?”

“உனக்குக் காட்டத்தான எடுத்தேன்.”

“எடுத்த இடத்துக்குக் குறிப்பு இருக்கா? படம் இருக்கா? நீ சொல்றத வச்சு நான் என்ன எழுத முடியும் அண்ணா? நாளைக்கு யாராவது கேட்டா, எங்க அண்ணன் பாட்டில்ல கொண்டு வந்து குடுத்தான்னு சொல்லவா?”

அண்ணன் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினான். “திரும்பப் போறப்ப அங்கயே போட்டுடறேன்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். டீ ஆறிப் போயிருந்தது.

அவள் கோபப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் முறை வரும் வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. வடக்குத் தீவுக்கு வெளியே இருக்கிற இடத்தைத்தான் துறைமுகம் கேட்டிருந்தது. அங்கே தரை வெறும் கல்தான் என்றால் பூங்கா அனுமதி தரலாம். முக்குளிப்பவர்களும் படகுக்காரர்களும் சேர்ந்து, வேண்டாம் என்று ஒரு மனு கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றாவது கையெழுத்து அவள் அண்ணனுடையது.

இருந்தாலும் முதல் வரைவில் அவள் நாற்பத்தாறாம் கட்டத்துக்குப் பன்னிரண்டு கேமரா இறக்கங்களை ஒதுக்கினாள். மனசுக்குச் சரியென்று பட்டதைச் செய்தாள்.

அந்த வரைவு கூட்டத்துக்கு வந்தது. நீளமான அறை, நீளமான மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். துறைமுகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், நல்ல சிரித்த முகத்தோடு கேட்டார்:

“மத்த கட்டத்துக்கெல்லாம் ஒண்ணு, பாதிக்கு மேல அதுவும் இல்ல. இதுக்கு மட்டும் ஒரு டஜன். மேடத்தோட அண்ணன் கையெழுத்து போட்டிருக்கிற அதே இடம்தானே இது?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். விரோதமான சிரிப்பல்ல, கூட்டம் நீண்டுபோகும்போது வரும் சிரிப்பு. இயக்குநர்கூட லேசாகச் சிரித்துவிட்டு, “அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல” என்றார். அந்த ஆறுதல் வார்த்தைதான் அவளை அதிகம் சுட்டது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாவது வரைவு தயாராகிவிட்டது. எல்லாக் கட்டங்களையும் ஒரே சூத்திரத்தில் போட்டு, ஆழத்தையும் பரப்பையும் மட்டும் வைத்து இறக்கங்களைப் பகிர்ந்திருந்தாள். நாற்பத்தாறாம் கட்டத்துக்கு இரண்டு வந்தது. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த அதிகாரிகூடக் கேட்கவில்லை. அவர் சொன்னதை அவரே மறந்துபோயிருப்பார். இதை அவள் பின்னால் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் அவர்கள்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

கப்பல் புறப்பட்டபோது அவளும் ஏறினாள். சோனார்க்காரர் அறுபது வயது மனிதர். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும், ஆனால் அதைக் காதில் வைத்து எதையும் கேட்கமாட்டார். திரையில் கடல்தரை வரி வரியாக விரிவதைப் பார்த்தபடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். முதல் பதினாறு நாள் எல்லாம் திட்டப்படி நடந்தது. அவள் தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். அப்படி டிக் அடிப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

பதினேழாம் நாள் காற்று மாறியது. வடக்குத் தீவுக்கு வெளியே வந்திருந்தார்கள். முதல் இறக்கம் கட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. திரையில் பழுப்பு நிறக் கூழாங்கற்கள், ஒரு நட்சத்திர மீன், அவ்வளவுதான். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ‘சரி, நாம எழுத வேண்டியது எழுதியாச்சு’ என்பதுபோல ஒரு நிம்மதியும் அதற்கடியில் இருந்தது.

இரண்டாவது இறக்கத்துக்கு முன்னால் கேப்டன் வந்து, காற்று வலுக்கிறது, இன்றைக்கு இன்னும் ஒரே ஒரு இறக்கம்தான், எங்கே வேண்டுமென்று சொல்லுங்கள் என்றார். பட்டியலில் அடுத்ததாகத் தெற்கே கடற்புல் இருக்கும் கட்டம் ஒன்று பாக்கி நின்றது. அதற்கு ஓர் இறக்கம்கூட இன்னும் ஆகவில்லை.

சோனார்க்காரர் திரையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “மேடம், இந்த இடத்த ஒரு தடவ பாத்துடலாமே. கூழாங்கல்லுன்னா எதிரொலி நறுக்குன்னு வரும். இங்க நடுவுல மட்டும் கொஞ்சம் மெத்துன்னு வருது. ஏதோ மேல போத்தின மாதிரி. முக்கால் மணி நேரம்தானே?”

அவள் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட திட்டு. மற்ற இடத்தைவிட மென்மையான புள்ளிகள். அண்ணன் விரல் வைத்த அதே இடம். ‘இறக்குங்க’ என்று சொல்வதற்கு வாய் வந்தது. அந்த நீளமான மேசையும் சிரித்த முகங்களும் கூடவே வந்தன. கப்பல் பதிவேட்டில் எழுதுவார்கள்: திட்ட அலுவலரின் விருப்பப்படி வரிசை மாற்றப்பட்டது.

“இந்தக் கட்டத்துக்கு ஒண்ணு ஆயிடுச்சுல்ல? தெற்குக்கு ஒண்ணுகூட ஆகல. வரிசைப்படியே போவோம்” என்றாள்.

சோனார்க்காரர் தோளைக் குலுக்கினார். “உங்க திட்டம், உங்க இஷ்டம்.”

தெற்கே போனார்கள். கடற்புல் இருந்தது. அது இருக்கும் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். மறுநாளிலிருந்து நான்கு நாள் கடல் ஏறி அடித்தது; கப்பல் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தது. கடைசி நாளில் கிடைத்த நேரம் கருவியைக் கழற்றிக் கட்டுவதற்கே சரியாகப் போயிற்று.

அறிக்கையில் நாற்பத்தாறாம் கட்டத்துக்கு அவள் எழுதியது இதுதான்: ‘கூழாங்கல் தரை. உயிரடர்த்தி குறைவு.’ பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில், ‘நம்பகம்: குறைவு. ஒரே இறக்கம். மீண்டும் பார்க்க வேண்டும்.’ அந்த நெடுவரிசை இணைப்பு அட்டவணையின் எழுபத்தெட்டாம் பக்கத்தில் வந்தது. வண்ண வரைபடத்திலும் அந்தக் கட்டத்தின்மேல் சந்தேகத்துக்கு அடையாளமாகக் கோடு கோடாகப் போட்டுக் காட்ட வேண்டுமென்று அவள் கேட்டாள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இவ்வளவு அழகா வந்திருக்கு. இதுல கோடு கிழிச்சா, எல்லாமே சந்தேகம்னு நெனச்சுடுவாங்கம்மா. அதான் உள்ள எழுதியிருக்கீங்களே.”

அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரைபடம் அச்சாகி வந்தது. நாற்பத்தாறாம் கட்டம் வெளிர் மஞ்சளாக, சுத்தமாக, ஒரு சந்தேகமும் இல்லாமல் இருந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர், “கட்டம் நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார்.

மூன்று மாதத்தில் கப்பல் காத்திருப்பு இடத்துக்கு அனுமதி போனது. அனுமதிக் கடிதத்தில் அவள் வரைபடம்தான் ஆதாரம். எழுபத்தெட்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘பாட்டில்ல இருந்தத பத்தி எழுதினியா?’ என்று அவன் கேட்பான் என்று அவள் கொஞ்ச நாள் பயந்துகொண்டிருந்தாள். கேட்காமல் விட்டதும், அவனுக்கே மறந்துபோயிருக்கும் என்று வசதியாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஒருநாள் அண்ணியின் தையல் கடைக்குப் போயிருந்தாள். ஜன்னல் திரைச்சீலைக்கு அளவு கொடுத்திருந்தாள். அண்ணி உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளுக்கு இடையிலேயே பேசினாள்.

“உங்க அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னன்னு கொஞ்சம் கேளேன்மா.”

“ஏன் அண்ணி, என்ன ஆச்சு?”

அண்ணி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். “போன புதன்கிழம அந்த வடக்குப் பக்கம் ஒரு கப்பலோட நங்கூரம் சிக்கிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. போயிட்டு வந்தாரு. வந்ததுலேர்ந்து சோறு எறங்கல. காது வலின்னு நெனச்சேன். இல்லங்கறாரு. நேத்து மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன், பக்கத்துல வந்து நின்னாரு. ‘எல்லாம் மாவாப் போச்சு’ன்னாரு. என்னங்க மாவுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டுப் போயிட்டாரு. எனக்கு என்ன புரியும்? உனக்குப் புரியுதா?”

“புரியல அண்ணி” என்றாள் அவள். திரைச்சீலையை வாங்காமலேயே வெளியே வந்தாள். நல்ல வெயில். நடைபாதையில் எதிரே வந்தவர் மேல் மோதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் நடந்தாள்.

அதற்கடுத்த வாரம் பூங்காவின் ரோந்துப் படகில், கையில் பிடித்து இறக்கும் சின்னக் கேமராவோடு நாற்பத்தாறாம் கட்டத்துக்குப் போனாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பதிவேட்டில் தன் கையாலேயே, ‘திட்ட அலுவலரின் விருப்பப்படி’ என்று எழுதினாள். இரண்டு கப்பல்கள் தூரத்தில் நின்றிருந்தன. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கயிறு அவள் கைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

திரையில் முதலில் கலங்கல். பிறகு தரை தெரிந்தது. வெளிறிய சாம்பல் நிறத்தில் நொறுங்கிய தூள். அதன்மேல் பெரிய பெரிய வளைவுகள், தேங்காய்த் துருவியைத் தரையில் போட்டு இழுத்ததுபோல. கப்பல் காற்றுக்குத் திரும்பும்போதெல்லாம் கனத்த சங்கிலி தரையைப் பெருக்கிக்கொண்டு போன தடம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே அங்கங்கே உடைந்த துண்டுகள். துண்டுகளின் உள்பக்கம் வெள்ளையாக, வரிவரியாக இருந்தது. படகு மெல்ல நகர்ந்தது. அரை மணி நேரம் இதுதான்.

பிறகு கிழக்கு ஓரத்தில், சங்கிலி எட்டாத ஒரு பட்டையில், கேமரா ரோஸ் நிறத்துக்குள் இறங்கியது.

அவள் திரையைக் கையால் நிழல் கட்டிப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, இடுக்கிலிருந்து ஒரு நண்டு காலை நீட்டி இழுத்துக்கொண்டது. கண்ணாடித் துண்டுபோலக் குஞ்சு மீன்கள். அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது, ஒரு வார்த்தை கூடுதல் குறைவு இல்லை. இந்தப் பாசி ஒரு வருடத்தில் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். முஷ்டி அளவு உருண்டை என்றால், அது வளரத் தொடங்கியபோது அவளுடைய அம்மாகூடப் பிறந்திருக்கமாட்டாள்.

“என்ன மேடம் இது, பூந்தோட்டம் மாதிரி இருக்கு?” என்றார் படகோட்டி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. அவள் கேமரா தரையில் இடிக்காமல் கயிற்றை ஒரு சாண் மேலே இழுத்துப் பிடித்தாள்.

திரும்பி வந்து திருத்த அறிக்கை எழுதினாள். தரையின் படங்கள், பரப்பு, எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று எல்லாம். முக்கால் பங்கு போயிருந்தது. கடைசியில் இப்படி ஒரு பத்தியும் சேர்த்தாள்: ‘இந்தத் தரையைப் பற்றி நேரில் பார்த்தவர் ஒருவர் ஆய்வுக்கு முன்பே என்னிடம் தெரிவித்தார். முதல் வரைவில் இருந்த பன்னிரண்டு இறக்கங்களை இரண்டாகக் குறைத்தது நான். கப்பலில் சோனார் பணியாளர் பார்க்கச் சொன்னபோது மறுத்ததும் நான்.’

இயக்குநர் அந்தப் பத்தியைப் பேனாவால் சுற்றினார். “இது எதுக்கும்மா? நீங்க ஒரு தப்பும் பண்ணலையே. எல்லாம் முறைப்படிதான பண்ணீங்க. யாரு வந்து கேட்டாலும் நான் நிப்பேன்.”

“முறைப்படிதான் சார் பண்ணேன். பத்தி இருக்கட்டும்.”

பேனா வட்டத்தை அழிக்க முடியாது. அவர் வேறொரு பிரதி எடுக்கச் சொன்னார். பத்தி இருந்தது. அதனால் அவளுக்கு எதுவும் ஆகவில்லை. விசாரணையில்லை, கண்டனமில்லை. துறைமுகத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்து, கப்பல்கள் நிற்கும் இடத்தை வெளியே தள்ளுவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் கிழக்குப் பட்டையும் ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்தது.

அறிக்கை கொடுத்த அன்றே அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் குளியலறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஈரத் தரையில் குந்தியிருந்தவனின் தலையில் முடி எவ்வளவு கொட்டிப்போய்விட்டது என்று அப்போதுதான் கவனித்தாள்.

“அண்ணா, நான் போய்ப் பாத்தேன்.”

“படகுக்காரர் சொன்னாரு” என்றான் அவன், குழாயைத் திருகியபடி.

“கிழக்குப் பக்கம் கொஞ்சம் இருக்கு.”

“ம்.”

“என்னைய நாலு வார்த்த திட்டேன்.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “திட்டி என்ன ஆகப்போகுது பாப்பா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் சொன்ன எடத்துல நீ ஏன் ஒரு தடவ எறக்கிப் பாக்கல?”

பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. காற்று, நேரம், கேப்டன் என்று எத்தனையோ. “உன் தங்கச்சிங்கறதால பண்றேன்னு சொல்லுவாங்களேன்னு பயந்துட்டேன்” என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரொம்ப வருடம் பழகிய ஒருவர் தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்ததை அறிந்தவனின் ஆச்சரியம்தான் இருந்தது.

“நான் உன் அண்ணனா வந்து சொல்லலையே. முப்பது வருஷமா முங்கறவனா வந்துதான் சொன்னேன்” என்றான்.

பிறகு குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான். சொட்டு நின்றிருந்தது. “அண்ணி டீ போடுவா, குடிச்சுட்டுப் போ” என்றான்.

அந்த வருடக் கடைசியில் டாக்டர் அவனைத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இடது காது முழுவதுமாகப் போயிருந்தது. துறைமுகக் கிடங்கில் சாமான்களுக்குக் காவலாகப் பகல் வேலை ஒன்று கிடைத்தது.

இரண்டாம் கட்ட ஆய்வுக்குத் திட்டம் போடும் வேலை அவளிடமே வந்தது. இந்த முறை கப்பல் ஒதுக்கீட்டுக்கு முன்னால் ஒரு மாதத்தைத் தனியாக எடுத்துவைத்தாள். முக்குளிப்பவர்கள், படகுக்காரர்கள், வலை போடுகிறவர்கள், கலங்கரை விளக்கில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரையும் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு, வெற்றுக் கட்டங்கள் போட்ட பெரிய தாளை மேசையில் விரித்துப் பேனாவைக் கொடுத்தாள். யார் வீட்டு ஆள், எந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர் என்று பார்க்கவில்லை. யார் சொன்னது என்பதையும் எதை வைத்துச் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, “இதெல்லாம் செவிவழிச் செய்தி மேடம்” என்றார்கள். “ஆமா, அதனாலதான் எறக்கிப் பாக்கப் போறோம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. இவ்வளவு சுலபமான ஒரு பதிலை அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனதே என்று மட்டும் இருந்தது.

அண்ணனுக்கும் ஒரு தாளைக் கொண்டுபோனாள். கிடங்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாளை மடியில் விரித்துப் பார்த்தான். அவன் விரல் இரண்டு மூன்று இடங்களில் நின்று நின்று போனதை அவள் பார்த்தாள். ஆறாம் கட்டம். நூற்று நாற்பத்தொன்று. அதற்குக் கீழே ஒன்று.

“என்ன அண்ணா இருக்கு அங்க?”

“சரியா ஞாபகம் இல்ல பாப்பா” என்றான். தாளை மடிப்புப் பிசகாமல் நாலாக மடித்து அவளிடம் கொடுத்தான். “வயசாச்சுல்ல.”

அவனுக்கு ஐம்பத்து நாலுதான். ஒரு கப்பலின் எந்தத் தகட்டில் எத்தனை வருடத்துக்கு முன்னால் எந்த ஆணி பெயர்ந்திருந்தது என்று சொல்கிறவன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மற்றவர்கள் கொடுத்ததெல்லாம் சேர்ந்து நூற்றுப் பத்துக் குறிப்புகள் வந்தன. அவனுடைய இடம் மட்டும் காலியாக இருந்தது. முப்பது வருடம் அவன் போய்வந்த தரையெல்லாம் அவன் தலைக்குள்ளேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்கும் உரிமையை அவள் எப்போதோ இழந்திருந்தாள்.

ஆய்வின் ஒன்பதாம் நாள், தெற்கே ஒரு வலைக்காரர் காட்டிக்கொடுத்த பள்ளத்தில் கேமரா இறங்கியது. ‘அங்க வலைய விட்டா சிவப்பு மொட்டு மொட்டா சிக்கும், அதனால நாங்க போறதில்ல’ என்று அவர் எழுதியிருந்தார். திரையில் ரோஸ் நிறம் விரிந்தது. நாற்பத்தாறில் இருந்ததில் பாதிகூட இருக்காது. ஆனால் முழுசாக இருந்தது. சோனார்க்காரர் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். யாரோ கை தட்டினார்கள்.

அவள் மேல்தளத்துக்கு ஓடினாள். கரை தெரியும் தூரம்தான். அலைபேசியில் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருப்பான்.

“அண்ணா, இன்னொண்ணு கெடச்சிருக்கு. தெற்கே. முப்பது மீட்டர்ல. அப்படியே இருக்கு, யாரும் தொடல. இந்தத் தடவ மேப்ல போட்டுடுவேன். கோடு கட்டி, கொட்டை எழுத்துல போட்டுடுவேன்.”

காற்று இரைந்தது. நல்ல காதில்தான் வைத்திருக்கிறானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“நல்லதும்மா” என்றான் அண்ணன். ‘பாப்பா’ என்று சொல்லவில்லை. “இரு, அண்ணிகிட்ட குடுக்கறேன்.”

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டு போனது கேட்டது. பிறகு அண்ணியின் குரல்.

“என்னம்மா? கப்பல்லேர்ந்தா பேசற? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல அண்ணி” என்றாள் அவள். “சும்மாதான் கூப்பிட்டேன்.”